நாய்க்கு என்ன ஜாதி?

சிரம்பான் நகரத்துக்கு வெளியே, முன்னாளில் ரப்பர் மரங்கள் நின்று இந்நாளில் செம்பனை நிற்கின்ற ஒரு நிலத்தின் ஓரத்தில், ஆதரவற்ற நாய்களை வைத்துப் பாதுகாக்கும் காப்பகம் ஒன்று இருக்கின்றது. தோட்டத் தமிழ்ப் பள்ளியில் முப்பத்து நான்கு வருஷம் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற பின், வாரத்தில் இரண்டு நாள் அங்கே போய் வருவதை வழக்கமாகக் கொண்டிருக்கின்றேன். நாய்களைக் குளிப்பாட்டவும் கூடுகளைக் கழுவவும் உடம்பில் தெம்புள்ள இளைஞர்கள் இருக்கின்றார்கள். எனக்கு இட்டிருப்பது எழுத்து வேலை. புதிதாக வந்து சேரும் நாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் உண்டு. பெயர், பால், வயது, நிறம், எடை, தடுப்பூசி ஆகியவற்றை அதிலே நிரப்புதல் வேண்டும். இவற்றுக்கு நடுவே ஒரு கட்டம். அதன் தலையில் 'இனம்' என்றிருக்கும்.

அந்தக் கட்டத்தைப் பற்றியதே இவ்வியாசம்.

சென்ற ஆண்டின் இறுதி மழையில் ஒரு நாய் வந்தது. பழைய தோட்டம் ஒன்றின் லயங்களை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே குடியிருந்தவர்கள் நகரத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அடுக்குமாடியில் நாய் வளர்க்க இடங்கொடுப்பதில்லை. ஆகவே ஜனங்கள் போக, நாய்கள் தங்கிவிட்டன. இடிக்க வந்த வேலையாட்களே இதைக் கொண்டுவந்து விட்டனர். கதவும் ஜன்னலும் கழற்றப்பட்ட ஒரு வீட்டின் வாசலில் ஒரு வாரமாகக் காவல் படுத்திருந்ததாம். உள்ளே காக்கத்தக்க பொருள் ஒன்றுமில்லை என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை.

பழுப்பு நிறம். முகவாய் கறுப்பு. மயிர் குட்டை. தலை சற்று அகலம். மார்பு சற்றுப் பருமன். ஒரு காது நிமிர்ந்தும் மற்றொன்று மடிந்தும் இருந்தன. வாலோ சுருண்டு முதுகின்மேல் ஏறிக் கிடந்தது. நான் பேனாவை எடுத்தவுடனே, காப்பகத்தில் தொண்டு செய்ய வரும் கல்லூரி மாணவி ஒருத்தி குனிந்து பார்த்து, "தலையைப் பாருங்கள் சார். பிட்புல் கலப்பு என்று எழுதிவிடுங்கள்" என்றாள்.

என் பேனா நின்றுவிட்டது.

வாசகர்கள் இதை அற்ப சங்கதியென்று எண்ணிவிடலாகாது. பிட்புல் என்பது இந்நாட்டு அரசாங்கம் இறக்குமதியைத் தடுத்து வைத்திருக்கும் நாயினங்களுள் ஒன்று. அப்பெயரைத் தாளில் ஏற்றிவிட்டால், குழந்தைகள் உள்ள வீட்டார் கூட்டை நெருங்கவும் மாட்டார்கள். அனுமதிச் சீட்டுக்குப் போனால் அலுவலகத்தில் ஆயிரம் கேள்வி எழும். அந்த நாய் ஒருவரைக் கடித்ததும் இல்லை. கடிக்க முயன்றதும் இல்லை. அதன் தாயை நாங்கள் கண்டதில்லை; தந்தையைப் பற்றிக் கேட்பானேன்! தலை சற்று அகலமாயிருக்கின்றது என்னும் ஒரே சாட்சியத்தைக்கொண்டு, அதன் மிச்ச ஆயுளை அந்தக் கட்டத்துக்குள் அடைத்துவிடும் அதிகாரம் என் கையிலே இருந்தது.

"இதை எப்படியம்மா தெரிந்துகொண்டாய்?" என்றேன்.

"பார்த்தால் தெரியவில்லையா சார்?" என்றாள்.

பார்த்தால் தெரியும் என்னும் இச்சொல்லை நான் முன்பும் கேட்டிருக்கின்றேன். அதைப் பின்னர்ச் சொல்லுவேன். முதலில், பார்த்தால் என்ன தெரியும் என்பதை ஆராய்ந்தவர் சிலர் உளர். அவர்கள் கண்டதைச் சொல்லிவிடுகின்றேன். இவற்றுட் பலவற்றை அந்த மாணவியே, என்னோடு வாதாடும் பொருட்டுத் தேடிப் போய், என் கட்சிக்கு ஆதாரமாகக் கொண்டுவந்து கொடுத்தாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். அவளது நேர்மை அத்தகையது.

அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் என்னும் இரு விஞ்ஞானிகள் பல்லாண்டுகள் நாய்களை வளர்த்துச் சோதித்து, 1965-இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். ஆப்பிரிக்காவின் பசஞ்சி நாயையும் காக்கர் ஸ்பானியலையும் அவர்கள் சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளை மீண்டும் தமக்குள் சேர்த்தார்கள். இரண்டாந் தலைமுறையில் உண்டான நாய்கள் பாட்டன் பாட்டி இருவரில் எவரையும் ஒவ்வாமல், ஒன்றுக்கொன்றும் ஒவ்வாமல், பற்பல வடிவங்களில் வந்தன. அந்நாய்களில் ஒன்றைத் தெருவில் கண்டால், இது பசஞ்சிக்கும் காக்கருக்கும் வழித்தோன்றல் என்று சொல்லக்கூடியவர் யார்? நாம் கேள்வியேபட்டிராத வேறு ஏதோ ஒரு பெயரையன்றோ சொல்லுவோம்?

இதற்குக் காரணம் உண்டு. நாயின் தோற்றத்தை ஆளுகின்ற மரபணுக்கள் மிகச் சில. குட்டை மயிர் நீள மயிரை மறைத்துவிடும். காலைக் குட்டையாக்குவது பெரும்பாலும் ஒரே மரபணுவின் வேலை. உடலின் பருமனிலும் பெரும்பங்கு விரல்விட்டு எண்ணத்தக்க சில மரபணுக்களுடையதே. ஆகையால் ஓர் இனத்தின் இரத்தம் மிகுதியாயிருந்தும் அதன் சாயல் சிறிதும் இல்லாத நாய் உண்டு. சாயல் அச்சாக இருந்தும் இரத்தம் துளியும் இல்லாத நாயும் உண்டு.

2009-இல் விக்டோரியா வொய்த் என்னும் அம்மையாரும் அவரைச் சேர்ந்தவர்களும் காப்பகங்களிலிருந்து வந்த 20 நாய்களை எடுத்துக்கொண்டு, காப்பகத்தார் தாளில் எழுதியதையும் மரபணுச் சோதனை சொன்னதையும் ஒப்பிட்டு வெளியிட்டனர். குறிப்பிட்ட இனத்தின் பெயர் எழுதப்பட்டிருந்த நாய்களுள் நூற்றுக்கு 87.5 விகிதத்தில், எழுதிய இனங்களில் குறைந்தது ஒன்றாவது சோதனையில் அகப்படாமற் போயிற்று. எழுதியவர்கள் அறிவீனர்கள் அல்லர். நாள்தோறும் நாய்களோடு பழகுகின்றவர்கள். 2022-இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வந்த மற்றோர் ஆராய்ச்சி பதினெண்ணாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் குணத்தை விசாரித்து, ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் உள்ள குணவேற்றுமையில் இனத்தால் விளக்கத்தக்கது சுமார் நூற்றுக்கு 9 பங்கே என்று கண்டது. தெரியாத பெயரை ஊகித்து, அப்பெயரிலிருந்து குணத்தை ஊகித்து, அக்குணத்துக்காக நாயைத் தண்டிக்கின்றோம்.

தண்டனையின் அளவையும் ஒருவர் அளந்திருக்கின்றார். லிசா கன்டர் என்னும் பெண்மணியும் தோழர்களும் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பிட்புல் என்று எழுதப்பட்ட நாய்கள், பார்வைக்கு அவற்றைப் போலவே இருந்தும் வேறு பெயர் பெற்ற நாய்களைவிட மூன்று மடங்குக்கு மேற்பட்ட நாள்கள் கூட்டிலே காத்துக் கிடந்தன. புளோரிடாவில் ஒரு காப்பகம் தாளிலிருந்து இனப்பெயரை அறவே எடுத்துவிட்டது. அதன்பின் அவ்வகை நாய்களை ஜனங்கள் முன்னிலும் அதிகமாக வீட்டுக்கு அழைத்துச் சென்றனர். நாய்கள் மாறவில்லை. தாள் மாறியது.

இனப்பெயரே பயனற்றது என்று நான் வாதிப்பதாக எவரும் கொள்ளவேண்டாம். தாயும் தந்தையும் தெரிந்த இடத்தில் அது அறிவு. டால்மேஷியன் நாய்க்குப் பிறவிச் செவிடு வருவதுண்டு என்று அறிந்த மருத்துவர் குட்டியின் காதை முதலில் சோதிப்பார். நமது இராஜபாளையம் நாயைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தவர்கள் இருந்தமையால் அன்றோ, 2005-இல் இந்தியத் தபால் இலாகா அதற்கு முத்திரை வெளியிட்டது! யான் ஆட்சேபிப்பது தெரியாத இடத்தில் தெரிந்ததுபோல எழுதுவதை.

அன்றியும், 'கலப்பு' என்னும் சொல்லிலேயே ஒரு புரட்டு அடங்கியிருக்கின்றது. தூய இனங்கள் பல ஆதியில் இருந்தன போலவும், அவை தெருவிலே ஒழுக்கங் கெட்டுச் சேர்ந்ததால் நம் லயத்து நாய் உண்டாயிற்று போலவும் அச்சொல் பேசுகின்றது. வரலாறு இதற்கு நேர்மாறானது. ஊர் நாயே முந்தியது. பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு வாழ்ந்து, எவரும் சேர்த்து வைக்காமல் தானே சேர்ந்து பெருகி வந்தது. இன்று தூய இனம் என்று கொண்டாடப்படுபவற்றுள் மிகப்பல, இங்கிலாந்தில் 1859-இல் முதல் நாய்க்கண்காட்சியும் 1873-இல் கென்னல் கிளப்பும் ஏற்பட்டதை ஒட்டிய காலத்தில், இன்னின்ன அளவு, இன்னின்ன நிறம் என்று விதி எழுதி, அவ்விதிக்குள் அடைத்து வளர்க்கப்பட்டவை. மரத்தினின்றும் வெட்டிச் சட்டியில் வைத்த கிளைகள் அவை. சட்டியைப் பார்த்துக்கொண்டு, மரத்தை நோக்கி, 'நீ எந்தச் சட்டிகளின் கலப்பு?' என்று கேட்கின்றோம். மரபணுச் சோதனையும் இக்கேள்விக்குத் தப்பவில்லை. அதன் பட்டியலில் ஏற்றி வைத்த இனங்களோடுதான் அது ஒப்பிடும். பட்டியலில் ஊர் நாய் இல்லையேல், உள்ளவற்றுள் கிட்டிய பெயர்கள் நாலைந்தை விகிதம் போட்டு அனுப்பிவிடும்.

நமது தேசத்தையே எடுத்துக்கொள்வோம். பகாங்கில் தெலோம் ஆற்றங்கரையை அடுத்து வாழும் பூர்வகுடிகளிடம் சிறிய பழுப்பு நாய் ஒருவகை உண்டு. அவர்களோடு உண்டு, அவர்களோடு உறங்கி, காட்டு வேட்டைக்கும் கூடப் போய்க்கொண்டிருந்தது. 1963-இல் ஆர்வில் எலியட் என்னும் அமெரிக்க மானுடவியலார் அவற்றைக் கண்டு சோடியாக அமெரிக்காவுக்கு அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் மேலே சொன்ன அதே ஸ்காட். ஆற்றின் பெயரால் அதற்குத் 'தெலோமியன்' என்று பெயராயிற்று. அங்கே அதற்குச் சங்கமும் ஏற்பட்டது. கடல் தாண்டினவுடன் அது ஓர் இனம். தாண்டாத அதன் உடன்பிறப்புகள் வெறும் நாய்கள்.

பெயர் இல்லாத நாய்க்கு வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைத் தமிழன் மறக்கலாகாது. பறை என்பது ஒரு தோற்கருவி. பறையர் என்பது நம்மில் ஒரு பெருங்கூட்டத்தாரின் பெயர். ஐரோப்பியர் அப்பெயரை எடுத்துத் திரித்து, 'பரையா' என்றால் எவராலும் விலக்கப்பட்டவன் என்று தம் அகராதியில் ஏற்றினர். பின்னர், உடையவனின்றித் தெருவில் திரியும் நாய்க்கும் அதையே சூட்டினர். இந்திய ஊர் நாயைக் குறிக்க அப்பெயரை எழுதுவோர் இன்றும் இருக்கின்றனர். இந்நாட்டு மலாய் மொழியிலும் அச்சொல் வசவாகப் புகுந்தது. அப்துல்லா உசேன் எழுதி 1971-இல் வெளிவந்த 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவலை 2011-இல் பள்ளிகளில் பாடமாக வைத்தபோது, அதிலே அச்சொல் இருந்தமையால் இந்தியரிடையே பெரும் கிளர்ச்சி எழுந்தது. ஆண்டிறுதியில் நாவலைப் பாடத்தினின்றும் நீக்க முடிவாயிற்று. அக்கிளர்ச்சியில் நானும் சேர்ந்திருந்தேன். ஆனால் என் காதுபடப் பேசியவர் சிலர், 'எங்களைப் போய் அந்த ஜாதி என்பதா!' என்று கொதித்தார்களேயொழிய, 'எந்த மனிதனையும் அப்படிச் சொல்லலாமா?' என்று கேட்டார்களில்லை. அன்று எனக்கு உண்டான வெட்கம் இன்னும் தீரவில்லை.

இனி, பார்த்தால் தெரியும் என்ற சங்கதிக்கு வருகின்றேன்.

1978-இல் என் தமக்கைக்கு ஒரு வரன் வந்தது. போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தார்கள். பெண்ணைப் பிடித்தது; தாம்பூலம் மாற்ற நாளும் குறித்தாயிற்று. அப்போது அவர்களோடு வந்த கிழவர் ஒருவர், என் பாட்டனார் முன்னாளில் இருந்த தோட்டத்தின் பெயரைக் கேட்டார். எந்த லயம் என்று கேட்டார். பாட்டனார் சொன்னார். கிழவர் எழுந்து வெளியே போனார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். குடிக்காத தேநீர்க் கோப்பைகள் ஏழு மேஜைமேல் இருந்தன. என் அக்காள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாள்.

அன்றிரவு பாட்டனார் எனக்கு ஒரு விஷயம் சொன்னார். அவர் தாய் தந்தையரை அறியாதவர். தஞ்சை ஜில்லாவில் ஒரு சத்திரத்து வாசலில் வளர்ந்தவர். 1926-இல் கங்காணி ஒருவரோடு நாகப்பட்டினத்துக்கு வந்து கப்பலேறக் காத்திருந்தபோது பெயர் எழுதினார்கள், ஊர் எழுதினார்கள், ஜாதி கேட்டார்கள். "தெரியாது என்றேன், தெரியாதவனும் உண்டா என்று சிரித்தார்கள். கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். காலைப் பார்த்தார், கையைப் பார்த்தார். 'பார்த்தாலே தெரிகிறதே!' என்று ஒரு பெயரைச் சொன்னார். எழுதுகிறவர் எழுதிக்கொண்டார். அவ்வளவுதானப்பா."

அவ்வளவுதான்! அந்தப் பெயர் கடலைக் கடந்து கூடவே வந்தது. தோட்டத்தில் எந்த லயத்தில் இருப்பது, எந்தக் குழாயில் தண்ணீர் பிடிப்பது, திருவிழாவில் எங்கே நிற்பது என்பவற்றையெல்லாம் அது தீர்மானித்தது. அதே தோட்டத்தின் துரை பங்களாவில் இருந்த நாய்க்கு மூன்று தலைமுறைப் பெயர் எழுதிய பத்திரம் இருந்ததாம். பாட்டனாருக்கு ஒரு தலைமுறைக்கும் இல்லை. 1952-இல் மலாயாவில் வெறிநாய் நோய் பரவியபோது கட்டாயத் தடுப்பூசியும் தெருநாய்களைக் கொல்வதும் ஒருங்கே நடந்தன. உடையவன் இன்னானென்று காட்ட முடியாத லயத்து நாய்கள் போயின. துரையின் நாய் ஊசி போட்டுக்கொண்டு படிக்கட்டில் படுத்திருந்தது. இதைச் சொல்லும்போது பாட்டனாருக்குக் கோபமில்லை. நாயைப் பற்றித்தான் பேசுகின்றாரோ என்று எனக்குச் சந்தேகம் உண்டாயிற்று.

என்னை அதைவிட வருத்தியது வேறொன்று. கங்காணி வாயில் வந்த அந்தப் பெயரைப் பாட்டனார் பிற்காலத்தில் தமதென்றே கொண்டுவிட்டார். அந்தப் பெயருக்காகச் சண்டையிட்டிருக்கின்றார். அப்பெயர்க்குக் கீழென்று சொல்லப்பட்ட ஒருவர் வீட்டில் உண்ண மறுத்துமிருக்கின்றார். ஒருவன் ஊகம் ஒரு தலைமுறையில் வழக்கமாகி, மறு தலைமுறையில் இரத்தமாகிவிட்டது. என் தகப்பனாரை ஜாதி கேட்டால் தயங்காமல் சொல்லுவார். அக்காள் இரண்டு வருஷங் கழித்து, ஜாதி கேட்காத ஒருவரைத் தானே பார்த்து மணந்துகொண்டாள். தகப்பனார் கலியாணத்துக்கு வரவில்லை.

இத்தனையையும் அந்த மாணவியிடம் நான் சொல்லவில்லை. "இந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவோமே, அம்மா" என்றுமட்டும் சொன்னேன்.

"வருகிறவர்கள் முதலில் அதைத்தானே சார் கேட்கிறார்கள்? ஒன்றும் இல்லையென்றால் எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்களே!" என்றாள். அதுவும் நியாயமே. பள்ளிக்கூடப் பதிவேட்டில் நானும் எத்தனையோ பிள்ளைகளுக்கு 'இனம்' எழுதியவன்தான். மலாய்ப் பத்திரங்களில் மனிதனுக்கு 'பங்சா' என்றும் நாய்க்கு 'பாக்கா' என்றும் வெவ்வேறு சொல் இருக்கின்றன. தமிழில் நாம் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டிருக்கின்றோம்.

முடிவில் ஒரு சமாதானத்துக்கு வந்தோம். அக்கட்டத்தில் 'தெரியாது' என்று எழுதினேன். அதன் கீழே, பத்து நாள் கவனித்துத் தெரிந்தவற்றை எழுதினோம். எடை 17 கிலோ. பல்லைப் பார்த்து மருத்துவர் மதித்த வயது நான்கு. சோற்றுத் தட்டில் மற்ற நாய் வாய் வைத்தால் விலகி நிற்கும். குழந்தைகளைக் கண்டால் தரையில் படுத்துக்கொள்ளும். தமிழில் 'வா' என்றால் வரும். ஆங்கிலத்தில் அழைத்தால் யாரையோ அழைக்கின்றார்கள் என்று இருக்கும். வாசற்பக்கம் முகம் வைத்தே தூங்கும். இடிக்குப் பயம்.

ஏழு வாரம் ஒருவரும் கேட்கவில்லை. எட்டாவது வாரம், முன்னாளில் பால்மரம் வெட்டியவரும், இப்போது மகனோடு செனாவாங்கில் தரைவீட்டில் இருப்பவருமான ஓர் அம்மையார் வந்தார். கூட்டுக்கு முன்னால் நின்று, "இது என்ன ஜாதி நாய், வாத்தியாரே?" என்றார்.

"தெரியாது அம்மா" என்றேன்.

"தெரியாதா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அங்கே என்னமோ இத்தனை எழுதியிருக்கிறதே, அதைப் படியுங்கள்" என்றார். படித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "எங்கள் லயத்தில் இருந்ததும் இப்படித்தான். மங்கு கழுவும்போது காலடியிலேயே கிடக்கும்" என்றவர், கம்பிக்குள் விரலை நீட்டினார். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு வாசற்பக்கம் திரும்பிக்கொண்டது. "கோபக்காரன்" என்று அவர் சிரித்தார்.

அனுமதிச் சீட்டு வாங்க நானும் கூடப் போனேன். அலுவலர் 'பாக்கா?' என்று கேட்டார். அம்மையார் என்னைப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்குமுன், அலுவலர் கைப்பேசியிலிருந்த படத்தை வாங்கி ஒரு நொடி பார்த்தார். தாமே ஏதோ ஒரு சொல்லைத் தட்டினார். எனக்கு நெஞ்சு பதறிற்று. என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். "தெம்பாத்தான்" என்றார். உள்ளூர் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் மாலை சிரம்பானில் பெருமழை. மின்னலும் இடியும் ஓயவில்லை. தொலைபேசி மணி அடித்தது. "வாத்தியாரே, நீங்கள் எழுதியிருந்தது சரிதான். கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, நானும் தரையிலேதான் உட்கார்ந்திருக்கிறேன்" என்றார் அம்மையார்.